சுவரைத் தாண்டினால்தான் உள்வீடு: மதுவக் கலமும் இலத்திரன் நுணுக்குக்காட்டியும்

வாசகர் கேள்வி – பதில்

மதுவத்தை, அதாவது கடையில் நாம் ஈஸ்ட் என்று கேட்டு வாங்குவதை, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. பாடசாலை மாணவர் முதல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் வரை பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாடநூலில் மதுவக் கலத்துக்குள் கரு, இழைமணி, புன்வெற்றிடம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. எங்கள் பாடசாலை நுணுக்குக்காட்டியில் முட்டை வடிவ நிழலும் நடுவில் ஒரு வெளிச்ச வட்டமும் மட்டுமே தெரிகின்றன. ஏன்? (உயர்தர உயிரியல் மாணவி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் பார்த்த வெளிச்ச வட்டம்தான் புன்வெற்றிடம். அது கிடைத்ததே நல்ல காட்சி. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியால் ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. அப்பச்சோடா போட்டாலும் போடாவிட்டாலும் அப்பமாவைப் பொங்கவைக்கும் அந்த மதுவத்தின், சக்கரோமைசிஸ் செரவிசியேயின், முழுக் கலமே 5 மைக்ரோமீற்றர் அளவுதான். கலச்சுவரின் தடிப்பு 100 முதல் 200 நனோமீற்றர். அதற்கு உள்ளே ஒட்டியிருக்கும் மென்சவ்வு 10 நனோமீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒளியில் சுவர் ஒரு கோடாகத் தெரியும், மென்சவ்வு தெரியவே தெரியாது.

100 கிலோவோல்ற்றில் முடுக்கிய இலத்திரனின் அலைநீளம் 0.0037 நனோமீற்றர். அதனால் மென்சவ்வின் இரட்டைக் கோட்டைக்கூடக் காணலாம். ஆனால் இலத்திரன் 5 மைக்ரோமீற்றர் தடித்த கலத்தை ஊடுருவாது. கலத்தைப் பிசினில் பதித்து, 70 நனோமீற்றர் தடிப்பில் சீவ வேண்டும். ஒரு கலத்திலிருந்து எழுபது சீவல் வரும். நீங்கள் பாடநூலில் காண்பது அந்த எழுபதில் ஒன்று.

இதை மனதில் வைத்துக்கொண்டால் படத்தைத் தவறாக வாசிக்க மாட்டீர்கள். ஒரு சீவலில் கரு இல்லையென்றால் கலத்தில் கரு இல்லை என்று அர்த்தமல்ல, கத்தி அந்தப் பக்கம் போகவில்லை. இழைமணிகள் பத்துப் பன்னிரண்டு தனித்தனி வட்டங்களாகத் தெரியலாம். தொடர் சீவல்களை அடுக்கிப் பார்த்தபோது அவற்றுள் பல ஒரே கிளைவிட்ட குழாயின் வெட்டுக்கள் என்று 1973 இலேயே காட்டப்பட்டது. இன்னொன்று: பாடநூலின் விலங்குக் கலப் படத்தில் இருப்பதுபோல அடுக்கிய தட்டுக்களாகக் கொல்கி உபகரணத்தை இந்த மதுவத்தில் தேடாதீர்கள். அது தனித்தனிச் சிறு பைகளாகக் கலம் முழுவதும் சிதறிக் கிடக்கும். கலம் பிரியும்போது கருவுறை கரைவதுமில்லை. கருவுறை அப்படியே இருக்க, நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிர்க்கோல் அதற்குள்ளேயே உருவாகும்.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய உலர் ஈஸ்ட் பக்கெற்றையே மாதிரியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். உலர்ந்த குருணையில் உள்ள கலங்கள் சுருங்கிப்போனவை, சுவர் தடித்தவை, அவற்றில் பல இறந்தவை. உடனடி ஈஸ்ட் வகைகளில் சோபிற்றன் மொனோஸ்ரியரேற்று என்ற பால்மமாக்கியும் சேர்த்திருப்பார்கள், அது கலத்தின் மேல் படலமாக ஒட்டியிருக்கும். பக்கெற்றை விதையாக மட்டும் வையுங்கள். அகர்த் தட்டில் கீறித் தனிக் குடியிருப்பு ஒன்றை எடுத்து, 1 சதவீத ஈஸ்ட் சாறு, 2 சதவீதப் பெப்ரோன், 2 சதவீதக் குளுக்கோசு சேர்ந்த ஊடகத்தில் 30 பாகை செல்சியஸில் குலுக்கி வளருங்கள். கொழும்பு அறை வெப்பநிலையே ஏறத்தாழ அதுதான், ஆனால் குலுக்காமல் விட்டால் கலங்கள் அடியில் படிந்து ஒட்சிசன் இல்லாமல் இருக்கும், இழைமணிகள் சரியாக வளர்ந்திராது.

எப்போது அறுவடை செய்வது என்பதுதான் முக்கியம். 600 நனோமீற்றரில் ஒளியடர்த்தி, அதாவது வளர்ப்பின் கலங்கல் அளவு, 0.5 முதல் 1 வரை இருக்கும்போது எடுங்கள். அந்த நேரத்தில் கலங்கள் வேகமாக அரும்பிக்கொண்டிருக்கும், சுவர் மெல்லியதாக இருக்கும். இரவு முழுவதும் விட்டு, காலையில் பால்போலத் தடித்த வளர்ப்பை எடுத்தால் சுவர் தடித்து இறுகியிருக்கும். அடுத்த கேள்வியில் கேட்டிருக்கும் தொல்லையில் பாதி அங்கிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: பிசினில் பதித்துச் சீவினால் கலம் இருந்த இடமெல்லாம் ஓட்டையாக இருக்கிறது. சில கலங்கள் சீவலிலிருந்தே கழன்று விழுகின்றன. மிஞ்சியவற்றில் உள்ளே ஒரே சாம்பல் நிறம், மென்சவ்வு எதுவும் தெரியவில்லை. விலங்குத் திசுவுக்குச் செய்த அதே முறையைத்தான் பின்பற்றினேன். எங்கே பிழை? (ஆய்வுகூட உதவியாளர், கொழும்பு 3)

பதில்: விலங்குத் திசுவுக்குச் செய்த அதே முறை என்பதுதான் பிழை. மதுவத்துக்குச் சுவர் இருக்கிறது. வெளிப்புறம் மனோப்புரதம், உட்புறம் குளுக்கான், அரும்பு பிரிந்த இடங்களில் கைற்றின். கலத்தை இருந்தபடியே நிறுத்தும் குளுட்டரல்டிகைட் சிறிய மூலக்கூறு, அது எப்படியோ நுழைந்துவிடும். மென்சவ்வுக்குச் சாயம் தரும் ஒசுமியம் நாலொட்சைட்டு திணறும். பிசின் வாசலிலேயே நின்றுவிடும். பிசின் நுழையாத கலம் சுற்றியுள்ள கட்டியோடு ஒட்டாது, கத்தி பட்டதும் கழன்றுவிடும். உங்கள் ஓட்டை அதுதான். ஒசுமியம் நுழையாததால் மென்சவ்வு சாயம் பெறவில்லை, அதுதான் அந்தச் சாம்பல். இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றே.

முதலில் நிலைப்படுத்தல். உயிருள்ள கலங்களை மையநீக்கியில் சுழற்றி, கழுவி, பிறகு குளுட்டரல்டிகைட் இடுவது பலரின் வழக்கம். அந்தப் பத்து நிமிடத்தில் கலம் பட்டினியையும் அழுத்தத்தையும் உணர்ந்து மாறிவிடுகிறது. வளர்ப்பு குலுங்கிக்கொண்டிருக்கும்போதே, இரட்டிப்புச் செறிவில் வைத்த நிலைப்படுத்தியைச் சம அளவு ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் மெதுவாகச் சுழற்றி, ஊடகத்தை நீக்கிவிட்டு, 0.1 மோலார்த் தாங்கற் கரைசலில், பீஎச் 7 அளவில், 2.5 சதவீதப் புதிய குளுட்டரல்டிகைட்டை இடுங்கள். ஊடகத்தில் உள்ள பெப்ரோனும் குளுட்டரல்டிகைட்டைத் தின்னும், ஆகவே இந்த மாற்றத்தைத் தவிர்க்கக்கூடாது. அறை வெப்பநிலையில் ஒரு மணி, பிறகு 4 பாகையில் இரவு முழுவதும். மறுநாள் மூன்று தடவை கழுவுங்கள்.

அடுத்தது சுவர். இதற்கு மூன்று வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பது எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது.

மென்சவ்வுகளே வேண்டும் என்றால் பொற்றாசியம் பரமங்கனேற்று. நீரில் 2 முதல் 4 சதவீதம், புதிதாகக் கரைத்து வடித்தது, குளிரில் ஒரு மணி முதல் நான்கு மணி வரை. சுவரைத் தாண்டி எளிதாகப் போகும். கருவுறை, புன்வெற்றிட உறை, அகமுதலுருச் சிறுவலை எல்லாம் மையால் கீறியதுபோலத் தெரியும். ஆனால் அது இறைபோசோம்களையும் நுண்குழாய்களையும் அழித்துவிடும். பரமங்கனேற்றுப் படத்தைப் பார்த்து, இந்தக் கலத்தில் இறைபோசோம் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். கழுவும் நீரில் ஊதா நிறம் துளியும் இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். மிஞ்சியது எதனோலைக் கண்டதும் மங்கனீசு ஈரொட்சைட்டுத் துகளாகப் படிந்து படத்தைக் கெடுக்கும்.

இறைபோசோமும் வேண்டும், சுவரும் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றால் சோடியம் மெற்றாபரயடேற்று. 1 சதவீதம், 15 நிமிடம் முதல் ஒரு மணி. மனோசுச் சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஐதரொட்சில்களுக்கு இடையிலான காபன் பிணைப்பை அது வெட்டி, வெளிப்படையைத் தளர்த்திவிடுகிறது. நன்றாகக் கழுவிய பின் 1 சதவீத ஒசுமியம் ஒரு மணி. முதன்முறை செய்பவருக்கு நாம் சொல்வது இந்த வழியைத்தான். அளவு கொஞ்சம் தவறினாலும் மாதிரி வீணாகாது.

மூன்றாவது சைமோலியேஸ் நொதியம். குளுக்கானையே அரித்துச் சுவரை நீக்கிவிடும், உள்ளே சாயமும் பிசினும் தாராளமாகப் போகும், படம் மிக அழகாக வரும். நிலைப்படுத்திய கலங்களில் மில்லி லீற்றருக்கு 0.1 முதல் 0.5 மில்லிகிராம், 30 பாகையில் 20 முதல் 40 நிமிடம். உயிருள்ள கலத்தில் செய்தால் 1.2 மோலார் சோபிற்றோலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் போனதும் கலம் நீரை உறிஞ்சி வெடிக்கும். நிலைப்படுத்திய கலம் வெடிக்காது, ஆகவே வெடிக்கிறதா என்று பார்த்து நொதியத்தின் வேலையைச் சோதிக்க முடியாது. அவத்தை வேறுபாட்டு நுணுக்குக்காட்டியில் பளிச்சென்றிருந்த கலங்கள் மங்கத் தொடங்குவதே அடையாளம். குளுட்டரல்டிகைட் மிச்சம் இருந்தால் நொதியத்தையும் அது கட்டிப்போட்டுவிடும். சுவரையே ஆராய வந்தவர் இந்த வழியைத் தொடக்கூடாது என்று சொல்லவும் வேண்டுமா?

கடைசியாகப் பிசின். பாகு குறைந்த ஸ்பர் பிசினையே எடுங்கள். கலப் படிவை 2 சதவீதத் தாழ்வெப்ப அகரோசில் கலந்து, உறைந்ததும் 1 மில்லிமீற்றர்க் கட்டிகளாக வெட்டுங்கள். பெரிய கட்டியின் நடுவுக்குப் பிசின் போகாது. எதனோல் 30, 50, 70, 90, 95 சதவீதம், ஒவ்வொன்றும் 10 நிமிடம், 100 இல் மூன்று தடவை, பிறகு அசற்றோன். பிசினும் அசற்றோனும் 1:3, 1:1, 3:1 என ஒவ்வொன்றிலும் சில மணி. தூய பிசினில் ஓர் இரவு, மீண்டும் புதுப் பிசினில் இன்னோர் இரவு, குழாயை மெதுவாகச் சுழலவிட்டு. விலங்குத் திசுவுக்கு ஒரு நாளில் முடியும் இந்த வேலைக்கு மதுவம் மூன்று நாள் கேட்கும். 60 முதல் 70 பாகையில் 24 மணிக்கு மேல் சுட்டு எடுங்கள்.

கேள்வி: எல்லாம் சொன்னபடி செய்தும் பிசின் கட்டி நொறுங்குகிறது. (பட்டப்பின்படிப்பு மாணவர், தெகிவளை)

பதில்: ஈரம். கொழும்பு வளியில் ஈரம் குறையும் நாள் அரிது. திறந்து வைத்த 100 சதவீத எதனோல் சில நாளில் 100 ஆக இருக்காது. போத்தலுக்குள் 3 அங்ஸ்ரோம் மூலக்கூற்றுச் சல்லடை மணிகளைப் போட்டு வையுங்கள். பிசின் கூறுகளைக் குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். போத்தலின் வெளியே துளிர்க்கும் அதே நீர் உள்ளேயும் இறங்கும். ஒரு மணி நேரம் மேசையில் வைத்து, போத்தல் வெளியே உலர்ந்த பின் திறவுங்கள். ஸ்பர் பிசின் இந்த விடயத்தில் மற்றவற்றைவிட ரோசமுள்ளது.

கேள்வி: படத்தில் கறுப்புப் புள்ளிகள் தெறித்துக் கிடக்கின்றன. கலத்தில் உள்ளவையா, சாயமா?

பதில்: கலமே இல்லாத வெறும் பிசின் பகுதியைப் பாருங்கள். அங்கும் புள்ளி இருந்தால் சாயம். உருண்டையாக, கன்னங்கரேலென்று இருந்தால் பெரும்பாலும் ஈய காபனேற்று. சீவலுக்குச் சாயமாக இடும் ஈய சித்திரேற்று உங்கள் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்தே அது உண்டாகிறது. பெற்றித் தட்டில் மெழுகுத்தாள் விரித்து, பக்கத்தில் சோடியம் ஐதரொட்சைட்டுக் குருணைகளை வைத்து மூடி, சில நிமிடம் விட்ட பின் ஒவ்வொரு துளியாக இடுங்கள். சீவலைத் தாங்கும் உலோக வலையான கிரிட்டை வைக்கும்போது குனிந்து மூச்சுவிடாதீர்கள். கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். ஊசி வடிவப் பளிங்குகள் மற்றச் சாயமான யுரேனைல் அசற்றேற்றைச் சேர்ந்தவை. பொசுபேற்றுத் தாங்கற் கரைசல் சரியாகக் கழுவப்படாமல் யுரேனைலைச் சந்தித்தாலும் மணல் தூவியதுபோல ஒரு படிவு வரும்.

புள்ளிகள் கலத்துக்குள் மட்டும், அதுவும் புன்வெற்றிடத்துக்குள் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு எறியாதீர்கள். மதுவம் பொலிபொசுபேற்றைப் புன்வெற்றிடத்தில் சேமிக்கும், அது கறுப்பாகத் தெரியும். சாயமிடாத சீவல் ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தச் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

கேள்வி: எஸ்.ஈ.எம். (வருடு இலத்திரன் நுணுக்குக்காட்டி) கருவியில் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் போதும். அரும்புத் தழும்புகளைக் காட்ட வேண்டும். ஆனால் கலங்கள் முந்திரிகை வற்றல்போலச் சுருங்கிவிடுகின்றன.

பதில்: சுருக்கத்துக்குக் காரணம் உலர்த்தல். நீர் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை கலத்தை நசுக்குகிறது. அவதிப்புள்ளி உலர்த்தலில், முதலில் நீரின் இடத்தில் ஏற்றிய எதனோலை நீக்கி, திரவக் காபனீரொட்சைட்டால் நிரப்பி, 31.1 பாகைக்கு மேலே, 74 பார் அழுத்தத்துக்கு மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற எல்லையே இல்லாமல் போகும். எல்லை இல்லையென்றால் இழுவிசையும் இல்லை.

இங்கே கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஏசி இல்லாத அறை மத்தியானத்தில் 31 பாகையைத் தொட்டுவிடும். அந்த வெப்பநிலையில் உலர்த்தும் கருவியின் கலனுக்குள் காபனீரொட்சைட்டு ஒழுங்காகத் திரவமாக நிரம்பாது, எதனோலும் முழுதாக வெளியேறாது. கண்ணாடி யன்னலில் திரவ மட்டம் தெளிவாகத் தெரியவில்லையென்றால் நிறுத்துங்கள். கலனை 10 முதல் 15 பாகைக்குக் குளிர்வித்து, அந்தக் குளிரிலேயே பல தடவை நிரப்பி வெளியேற்றுங்கள். பிறகே 35 முதல் 40 பாகைக்குச் சூடாக்குங்கள். வாயுவை வெளிவிடும்போது அவசரம் கூடாது, வேகமாக விட்டால் கலன் குளிர்ந்து வாயு மீண்டும் திரவமாகும், அத்தனை பாடும் வீண். அந்தக் கருவி இல்லாதவர்கள் எச்.எம்.டி.எஸ். (எக்சாமீதைல்டைசிலசேன்) திரவத்தில் ஐந்து ஐந்து நிமிடம் இரு தடவை வைத்து, புகைக்கூண்டுக்குள் தானாக ஆவியாக விடலாம். மதுவத்தின் தடித்த சுவர் இந்த இடத்தில் நமக்குத் துணை, விலங்குக் கலத்தைவிட நன்றாகத் தாங்கும்.

கலங்களை 0.1 சதவீதப் பொலி-எல்-லைசீன் பூசிய கண்ணாடி வில்லையில் ஒட்டவையுங்கள். 5 முதல் 10 நனோமீற்றர் பொன் பூசி, 5 கிலோவோல்ற்றில் தொடங்குங்கள். கலத்தின் விளிம்பு பளீரென்று எரிந்து படம் நகர்ந்தால் மின்னேற்றம் சேர்கிறது. பொன்னைக் கூட்டுவதற்கு முன் வோல்ற்றளவைக் குறைத்துப் பாருங்கள், பொன் கூடினால் தழும்பின் நுண்மையே மூடிப்போகும்.

அரும்புத் தழும்பு, எரிமலை வாய்போல விளிம்பு உயர்ந்த வட்டம். தாய்க்கலத்தில் ஒவ்வொரு மகள் பிரிந்த இடத்திலும் ஒன்று. அவற்றை எண்ணினால் அந்தத் தாய் எத்தனை பெற்றாள் என்று சொல்லலாம். கலத்தின் ஒரு முனையில் அகன்று, மேடு குறைந்து, தட்டையாக ஒன்று இருந்தால் அது பிறப்புத் தழும்பு, அவள் தன் தாயிடமிருந்து பிரிந்த இடம். ஒருமடியக் கலத்தில் தழும்புகள் ஒன்றையொன்று அடுத்து வரிசையாக வரும். இருமடியக் கலத்தில் இரண்டு முனைகளிலும் வரும். நீங்கள் காண்பது கலத்தின் ஒரு பக்கம்தான், மறுபக்கத்துத் தழும்புகள் கணக்கில் வரவில்லை என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: தென்னங்கள்ளில் உள்ள மதுவம் எந்த இனம் என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியால் சொல்ல முடியுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: முடியாது. கள்ளில் பல இன மதுவமும் பற்றீரியாவும் கலந்திருக்கும். 5 மைக்ரோமீற்றர்க் கலத்துக்குப் பக்கத்தில் 1 மைக்ரோமீற்றர்க் கோல் கிடந்தால் இரண்டும் வேறு என்று தெரியும். அரும்புவதா, நடுவே பிளவதா என்றும் தெரியும். இனப்பெயருக்கு டீஎன்ஏ வரிசையைத்தான் பார்க்க வேண்டும். படம் எடுப்பதானால் குறைந்தது மூன்று தடவை கழுவுங்கள். கள்ளின் சீனியும் பசையும் உலர்ந்தால் கலங்களெல்லாம் ஒரே போர்வைக்குள் போய்விடும்.

கேள்வி: இரசாயனத்தால் கொன்று, மதுசாரத்தில் உலர்த்தி, பிசினில் ஊறவைத்த கலம் உயிருள்ள கலத்தைப்போல இருக்கும் என்று எப்படி நம்புவது?

பதில்: மிக நல்ல கேள்வி. முழுதாக நம்பக்கூடாது. குளுட்டரல்டிகைட் கலத்தை நிறுத்த நிமிடக்கணக்கில் எடுக்கும், அதற்குள் மென்சவ்வு அலையலையாக நெளிந்துவிடும். உயர் அழுத்த உறையவைப்பில் ஏறத்தாழ 2100 பார் அழுத்தத்தில் திரவ நைதரசனால் மில்லிசெக்கன்களில் கலம் உறைகிறது, பனிப்பளிங்கு வளர நேரம் இல்லை. பிறகு −90 பாகையில் அசற்றோன் மெதுவாகப் பனியின் இடத்தைப் பிடிக்கும். அந்தப் படங்களில் மென்சவ்வு இழுத்துக் கட்டியதுபோல வழுவழுப்பாக இருக்கும். மதுவத்தை உறையவைத்துப் பார்ப்பது புதிதுமல்ல. மூரும் மூலெத்தாலரும் 1963 இலேயே உறையவைத்த மதுவக் கலத்தை உடைத்து, மென்சவ்வின் முகத்தை வெளிக்காட்டினார்கள். முதலுரு மென்சவ்வில் உள்ள நீள் பள்ளங்கள் அந்தப் படங்களில் அழகாகத் தெரியும்.

இரசாயன முறையை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே நாளில், ஒரே கரைசலில், பட்டினி போட்ட கலத்தையும் ஊட்டிய கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தயாரித்தால் இரண்டுக்கும் பொதுவான பிழை இரண்டிலும் இருக்கும், வித்தியாசம் தனியே தெரியும். யப்பானிய உயிரியலாளர் யொஷினோரி ஓசுமியின் குழு 1992 இல், கலம் தன் பகுதிகளையே விழுங்கிச் சிதைக்கும் தன்விழுங்கலைக் காட்டியதும் இத்தகைய ஒப்பீட்டால்தான். புரதப்பகுப்பு நொதியம் இல்லாத விகாரிகளைப் பட்டினி போட்டபோது, சிதைக்கப்படாத உருண்டைகள் புன்வெற்றிடத்துக்குள் குவிந்தன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்த உருண்டைகளுக்குள் இறைபோசோம்கள் உட்படக் குழியவுருவே தெரிந்தது. 2016 இல் ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: மிச்சமான ஒசுமியத்தை என்ன செய்வது? எண்ணெய் ஊற்றினால் போதும் என்கிறார்கள்.

பதில்: போதும், ஆனால் தேங்காயெண்ணெய் அல்ல. ஒசுமியம் எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளோடு தாக்கமுற்றே செயலிழக்கிறது. தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு, இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. சோள எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள், 2 சதவீதக் கரைசலாக இருந்தால் அதன் கனவளவைப்போல இரு மடங்கு. ஒசுமிய ஆவி கண்ணின் விழிவெண்படலத்தைத் தாக்கும், ஆகவே புகைக்கூண்டுக்கு வெளியே மூடியைத் திறக்கவே கூடாது. யுரேனைல் அசற்றேற்றுக் கழிவை இதோடு கலக்காதீர்கள், அது கதிர்த்தொழிற்பாடுள்ளது, தனிப் போத்தலில் பெயரும் திகதியும் எழுதிச் சேர்க்க வேண்டும். எண்ணெய் கறுத்த பின், சோள எண்ணெய் தடவிய மூடித்துண்டு ஒன்றைப் போத்தல் வாய்க்கு மேலே பிடியுங்கள். அது கறுத்தால் இன்னும் ஒசுமியம் இருக்கிறது, மேலும் எண்ணெய் விட்டு மறுநாள் திரும்பப் பாருங்கள்.